ஹஸன் பத்ஹி: ஏழைகளுக்காக மண்ணில் கட்டியவரின் வாழ்வும் நமக்கான பாடமும்

உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிப்பிக்கும் எவருக்கும் கட்டடக் கலை என்ற பகுதி வந்துவிட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கும். குர்துபா பள்ளிவாசல், அல்ஹம்ரா மாளிகை, தாஜ்மஹால், இஸ்தான்பூலில் ஸினான் கட்டிய ஸுலைமானிய்யா என்று பட்டியல் நீளும். மாணவர்களும் ஆர்வத்தோடு கேட்பார்கள். ஆனால் இவை எல்லாம் மன்னர்களும் சுல்தான்களும் கட்டுவித்தவை. அந்த மன்னர்களின் ஆட்சியில் வாழ்ந்த விவசாயியும் கூலியாளும் எப்படிப்பட்ட வீட்டில் படுத்து எழும்பினார்கள் என்பது பற்றிப் பாடப் புத்தகங்கள் பெரிதாகப் பேசுவதில்லை.

அந்த விவசாயியின் வீட்டைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு முஸ்லிம் கட்டடக் கலைஞர் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். எகிப்தைச் சேர்ந்த ஹஸன் பத்ஹி என்பது அவரது பெயர். உலகின் பல்கலைக்கழகங்களில் கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் அவரை அறிவார்கள். நம் சமூகத்தில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. வீட்டுத் திட்டங்களுக்கும் பள்ளிவாசல் கட்டடங்களுக்கும் கோடிக் கணக்கில் செலவு செய்யும் ஒரு சமூகம் அவரது வெற்றியையும் தோல்வியையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

வயலைக் காணாத பண்ணையார் மகன்

ஹஸன் பத்ஹி 1900 மார்ச் 23 இல் அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தைக்குக் கிராமத்தில் பண்ணை நிலங்கள் இருந்தன. ஆனால் தந்தை கிராமத்தை வெறுத்தவர். ஈயும் கொசுவும் அழுக்குத் தண்ணீரும் நிறைந்த இடம் என்பதே அவரது எண்ணம். பிள்ளைகள் அங்கே கால் வைக்க அவர் விடவில்லை. தாயோ சிறு வயதைக் கிராமத்தில் கழித்தவர். அங்கே வளர்த்த ஆட்டுக்குட்டிகளையும் வீட்டிலேயே விளைந்த உணவையும் பற்றி மகனுக்குக் கதை கதையாகச் சொன்னார். தந்தையிடமிருந்து கிடைத்த வெறுப்பையும் தாயிடமிருந்து கிடைத்த ஏக்கத்தையும் சுமந்தபடி அந்தப் பையன் நகரத்தில் வளர்ந்தான்.

அவர் முதலில் விரும்பியது விவசாயக் கல்வியைத்தான். அதற்கான நேர்முகப் பரீட்சையில் பயிர்களைப் பற்றிய சாதாரணக் கேள்விகளுக்கே பதில் சொல்லத் தெரியாமல் தோற்றுப் போனார். பிறகுதான் கட்டடக் கலை படிக்கப் போய் 1926 இல் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின்னர் குடும்பப் பண்ணைக்கு முதன்முதலாகப் போனபோது, தாயின் கதைகளில் வந்த கிராமத்தை அவர் காணவில்லை. தம் குடும்பத்தின் நிலத்தில் பாடுபட்டவர்கள் குனிந்து நுழைய வேண்டிய இருண்ட குடில்களில் அழுக்கோடும் நோயோடும் வாழ்ந்ததைத்தான் கண்டார். ஐரோப்பிய பாணியில் மாளிகை வரையப் படித்த படிப்புக்கும் இந்தக் குடில்களுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அவருக்கு விளங்கியது.

1930 முதல் கெய்ரோவின் நுண்கலைக் கல்லூரியில் விரிவுரையாளராக வேலை பார்த்தார். எகிப்திய விவசாயியின் காலடியிலேயே கட்டடப் பொருள் கிடக்கிறது என்பதை அங்கிருந்தபடியே யோசிக்கத் தொடங்கினார். அந்தப் பொருள் மண். நைல் ஆற்றின் வண்டல் மண்ணோடு வைக்கோலைக் குழைத்து வெயிலில் காயவைத்தால் கல் தயார். சூளையும் தேவையில்லை, விறகும் தேவையில்லை. 1937 இல் மண் கல்லால் ஆன நாட்டுப்புற வீடுகளின் வரைபடங்களைக் கண்காட்சியாக வைத்தார். பார்த்தவர்கள் ரசித்தார்கள். ஆனால் ஒரு பிரச்சினை மீதமிருந்தது.

கூரைப் பிரச்சினை

சுவரை மண்ணால் எழுப்பிவிடலாம், கூரையை எதனால் போடுவது? எகிப்தில் நல்ல மரம் கிடையாது. வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மரமும் இரும்பும் வருவது தடைப்பட்டது. கூரையையும் மண் கல்லாலேயே வளைவாகக் கட்டலாம் என்று அவர் முயன்றார். வளைவு கட்டுவதற்குக் கீழே மரச் சாரம் தாங்க வேண்டும். சாரத்துக்கே மரம் இல்லை. சாரம் இல்லாமல் கட்டிய வளைவுகள் இடிந்து விழுந்தன.

அசுவான் அணைக்கட்டில் வேலை பார்த்த அவரது சகோதரர் அப்போது ஒரு தகவல் சொன்னார். தெற்கே நூபியப் பகுதியில் மேசன்மார் சாரமே இல்லாமல் வளைவுக் கூரை கட்டுகிறார்கள் என்பதுதான் அது. 1941 இல் ஹஸன் பத்ஹி அசுவானுக்குப் போனார். நைல் ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக் கிராமத்துக்குள் நுழைந்தவர் வெள்ளையடித்த, உயரமான, துப்புரவான மண் வீடுகளைக் கண்டார். எல்லா வீட்டுக்கும் வளைவுக் கூரை. எந்தப் பொறியியலாளரும் வரைந்து கொடுத்தவை அல்ல.

அந்த மேசன்மார் செய்யும் முறையை எளிதாகச் சொல்லலாம். அறையின் ஒரு பக்கச் சுவரை மற்றச் சுவர்களை விட உயர்த்திக் கட்டுவார்கள். அந்தச் சுவரில் மண் சாந்தால் வளைவின் வடிவத்தைக் கையாலேயே வரைவார்கள். பின்பு வைக்கோல் கூடுதலாகக் கலந்து செய்த பாரம் குறைந்த, மெல்லிய கற்களை அந்தச் சுவரில் சற்றுச் சாய்வாக ஒட்டிக்கொண்டு போவார்கள். ஈரம் காயுமுன் விரலால் கீறிய கோடுகள் அந்தக் கற்களில் இருக்கும். சாந்து நன்றாகப் பிடிப்பதற்காகத்தான் அந்தக் கீறல். ஒரு வரிசை அதற்கு முந்திய வரிசையின் மேல் சாய்ந்து நிற்பதால் கீழே சாரம் தேவைப்படுவதில்லை. அளவுகோல் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் அந்தக் கைகள் வரைந்த வளைவு, பாரத்தைச் சரியாகத் தரைக்கு இறக்க வேண்டும் என்று பொறியியல் கேட்கும் அதே வளைவாக இருந்தது. இதே முறையில் கட்டப்பட்ட தானியக் களஞ்சியங்கள் லக்ஸரில் 3000 வருடங்களுக்கு மேலாக நிற்பதையும் அவர் பார்த்தார்.

அந்த மேசன்மாரைத் தன் வேலைத்தளத்துக்கு வரவழைத்தார். ஓர் அறையின் கூரையை அவர்கள் ஒன்றரை நாளில் கட்டி முடித்தார்கள். பல்கலைக்கழகம் தராத விடையை எழுத்தறிவில்லாத தொழிலாளி தந்தார். அன்றிலிருந்து இறக்கும் வரை ஹஸன் பத்ஹி நூபிய மேசன்மாரைத் தன் ஆசான்களாகவே நடத்தினார். அலாவுத்தீன் முஸ்தபா என்ற மூத்த மேசன் பல தசாப்தங்கள் அவரோடு கூடவே வேலை செய்தார்.

குர்னா: கனவும் கசப்பும்

அவரைப் புகழுக்குக் கொண்டுவந்ததும் உடைத்துப் போட்டதும் ஒரே கிராமம்தான். லக்ஸர் நகருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில், பிர்அவ்ன் காலப் பிரமுகர்களின் கல்லறைகளுக்கு மேலேயே வீடு கட்டி வாழ்ந்தார்கள் குர்னா கிராமத்து மக்கள். ஏறத்தாழ 7000 பேர். கல்லறைகளில் இருந்து பழம்பொருட்களை எடுத்து விற்பது அவர்களில் பலருக்குப் பரம்பரைத் தொழிலாகவே ஆகிவிட்டிருந்தது. கல்லறை ஒன்றில் பாறையில் செதுக்கப்பட்டிருந்த சிற்பம் வெட்டி எடுக்கப்பட்டதும் அரசாங்கம் விழித்துக்கொண்டது. முழுக் கிராமத்தையும் மலையடிவாரத்திலிருந்து வயல்வெளிக்கு மாற்றுவது என்று தீர்மானித்தது. புதிய கிராமத்தைக் கட்டும் பொறுப்பு 1945 இல் ஹஸன் பத்ஹியிடம் கொடுக்கப்பட்டது. 50 ஏக்கர் நிலமும் மூன்று வருட அவகாசமும் கிடைத்தன.

ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வரிசையாக நிறுத்த அவர் மறுத்தார். உறவுமுறைக் குடும்பங்கள் அண்டை அயலாக இருக்க வேண்டும் என்று முற்றங்களைச் சுற்றி வீடுகளை அமைத்தார். வீட்டுக்கு வீடு அமைப்பை மாற்றினார். பள்ளிவாசல், சந்தை, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாடசாலைகள், கைத்தொழில் பழகும் இடம், திறந்தவெளி நாடக அரங்கு என்று ஓர் ஊருக்குத் தேவையான அனைத்தையும் திட்டத்தில் சேர்த்தார். கல்லறையை நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கைத்தொழில் வருமானம் வேண்டும் என்று யோசித்தார். ஊர் இளைஞர்களுக்கு நூபிய மேசன்மாரிடம் வேலை பழக்கினார்.

அங்கே அவர் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடக்கும் பள்ளிவாசல். மண் சுவர், மண் குப்பா, வெளிப்புறமாகப் படி ஏறிப் போகும் மினாரா, நடுவே திறந்த முற்றம். பளிங்கும் இல்லை, பொன் முலாமும் இல்லை. படத்தில் பார்த்தாலே மனதுக்குள் ஓர் அமைதி வருகிறது.

ஆனால் மூன்று வருடங்களில் கிராமத்தின் ஐந்தில் ஒரு பங்குதான் எழும்பியது. ஒரு பக்கம் அரச அலுவலகங்களின் இழுத்தடிப்பு. கூலிப் பணமும் பொருட்களும் உரிய நேரத்துக்கு வராமல் வேலை நின்று நின்று நடந்தது. மண் வீடு என்றாலே ஏளனமாகப் பார்த்த பொறியியலாளர்களும் ஒப்பந்தகாரர்களும் இன்னொரு பக்கம். இவற்றை விடப் பெரிய தடையாக நின்றது குர்னா மக்களின் எதிர்ப்பு. அவர்கள் வர மாட்டோம் என்றார்கள். புதிய கிராமத்துக்கு நீர் வராமல் காத்த அணைக்கரை வெட்டப்பட்டு வெள்ளம் உள்ளே விடப்பட்டது. 1948 இல் வேலை நின்று போனது.

அந்த மக்களைத் திருடர்கள், நன்றி கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்களின் பக்கமும் இருக்கிறது. அவர்களை இடம் மாற்றும் முடிவை எடுத்தது அரசாங்கம். அவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மலையடிவாரத்தில்தான் அவர்களின் வருமானம் இருந்தது, சுற்றுலாப் பயணிகள் வந்ததும் அங்கேதான். குப்பா வைத்த கூரை அவர்களின் கண்ணுக்கு வீடாகத் தெரியவில்லை. அந்தப் பகுதியில் குப்பா என்றால் அது இறைநேசர்களின் கப்றின் மேல் கட்டுவது. கப்றின் கூரைக்குக் கீழே குடும்பம் நடத்த யார் விரும்புவார்? அது மட்டுமல்ல, வீட்டில் நாள் முழுக்கப் புழங்கும் பெண்களோடு கட்டடக் கலைஞர் நேரில் பேசுவதற்கு அந்த ஊர் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. அடுப்பு எங்கே, தண்ணீர்ச் சாடி எங்கே, ஆடு மாடு எங்கே என்பதையெல்லாம் பெரும்பாலும் ஆண்களின் வாய்வழியாகவே அவர் அறிய வேண்டியிருந்தது.

கலந்தாலோசிப்பதை மனதார விரும்பிய ஒருவருக்கே இது நடந்தது. குடும்பம் குடும்பமாகக் கேட்டுக் கட்ட வேண்டும் என்பது அவரது கொள்கை. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி, அதாவது நீங்கள் இந்த இடத்தை விட்டு வர விரும்புகிறீர்களா என்ற கேள்வி, அவர் கைக்கு வருமுன்பே மூடப்பட்டிருந்தது. மஷூரா என்பது கடைசிக் கட்டத்தில் சுவரின் நிறத்தைக் கேட்பதல்ல. முதல் முடிவிலேயே அது தொடங்க வேண்டும். குர்னாவின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்.

மீண்டும் மீண்டும் எழும்பியவர்

குர்னாவுக்குப் பின் பெரிய வேலைகள் அவருக்குக் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் கொங்கிரீட் அலை வீசிய காலம் அது. நவீனம் என்றால் சீமெந்து, பழமை என்றால் மண் என்று அதிகாரிகள் பிரித்து வைத்திருந்தார்கள். 1957 இல் அவர் நாட்டை விட்டு கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகருக்குப் போய் அங்கே ஒரு நகரத் திட்டமிடல் நிறுவனத்தில் வேலை செய்தார். 1960களின் தொடக்கத்தில் திரும்பி வந்தார்.

மண் வீடு ஏழ்மையின் அடையாளம் என்று ஏளனம் செய்தவர்களுக்கு அளந்து காட்டிய விடையும் அவரிடம் இருந்தது. 1964 இல் கெய்ரோவில் வெவ்வேறு பொருட்களால் மாதிரி அறைகள் கட்டி வெப்பநிலை அளக்கப்பட்டது. மண் கல் அறைக்குள் ஒரு நாள் முழுவதும் ஏறத்தாழ 2 பாகை அளவிலேயே ஏற்ற இறக்கம் இருந்தது. முன்கூட்டி வார்த்த கொங்கிரீட் அறைக்குள்ளோ வெப்பம் 36 பாகை வரை ஏறியது. தடித்த மண் சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. அது உள்ளே வந்து சேரும் நேரத்தில் இரவாகிவிடும்.

பழைய கெய்ரோ வீடுகளில் இருந்த ஏனைய உபாயங்களையும் அவர் தேடித் தேடிப் படித்தார். கூரைக்கு மேலே உயர்ந்து நின்று குளிர்ந்த காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் மல்கப் என்ற காற்றுக் கோபுரம், வெயிலைத் தடுத்துக் காற்றை விட்டு வீட்டுப் பெண்களின் மறைவையும் காக்கும் மஷ்ரபிய்யா என்ற மரப் பின்னல் ஜன்னல், இரவுக் குளிரைச் சேமித்து வைக்கும் நடுமுற்றம் ஆகிய எல்லாம் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல என்பதை நிறுவினார்.

1965 இல் கார்கா பாலைவனச் சோலையில் சுமார் 250 குடும்பங்களுக்கு பாரிஸ் என்ற புதிய கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். மின்சாரமே இல்லாமல் காய்கறிகளைக் குளிர்ச்சியாக வைத்திருக்க சந்தையின் நிலவறைகளுக்குக் காற்றுக் கோபுரங்கள் வைத்தார். 1967 யுத்தம் வந்தது. அந்த வேலையும் பாதியில் நின்றது. இரண்டு கிராமங்கள் தொடங்கி இரண்டும் முடியவில்லை.

குர்னா அனுபவத்தை அவர் ஒளிவுமறைவின்றி ஒரு நூலாக எழுதினார். 1969 இல் கெய்ரோவில் சிறு தொகையில் அச்சான அந்த நூல், ஏழைகளுக்கான கட்டடக் கலை என்ற பொருள்படும் தலைப்போடு 1973 இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. உலகம் அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தது. தன் தோல்வியின் கதையை எழுதியே புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் வேறு எவரையும் நான் அறியேன். 1980 இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் விருது அவருக்குக் கிடைத்தது. மாற்று நோபல் என்று அழைக்கப்படும் விருது தொடங்கப்பட்டதும் அதே வருடம்தான். அதை முதன்முதலாகப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அவ்வாண்டில்தான் 80 வயதில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போய், அங்கே அபிக்யூ என்ற இடத்தில் முஸ்லிம்கள் அமைத்த தாருல் இஸ்லாம் நிலையத்துக்கு மண் கல்லால் பள்ளிவாசல் அமைத்தார். போகும்போது இரண்டு நூபிய மேசன்மாரைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாட்டு மாணவர்கள் அவர்களைச் சுற்றி நின்று வளைவு கட்டும் வேலையைக் கற்றார்கள்.

அவர் வாழ்வில் ஒரு முரணும் இருந்தது. ஏழைகளுக்கென்று கண்டெடுத்த அந்த அழகை வசதி படைத்தவர்கள் விரும்பி வாங்கினார்கள். அவர் முழுமையாகக் கட்டி முடித்த வீடுகளில் பல செல்வந்தர்களின் வீடுகள். ஏழைகளோ கொங்கிரீட் வீட்டுக்கு ஆசைப்பட்டார்கள். பணக்காரன் கொங்கிரீட்டிலும் ஏழை மண்ணிலும் இருந்தால், மண்ணை விட்டு வெளியேறுவதுதானே ஏழையின் முன்னேற்றம்? இந்தக் கேள்விக்கு அவரது கட்டடங்களால் முழுமையான பதில் சொல்ல முடியவில்லை.

கெய்ரோவின் பழைய நகரில், கோட்டைக்கு அருகே ஒரு பழங்கால வீட்டின் மேல் மாடியில் பூனைகளோடும் புத்தகங்களோடும் வாழ்ந்த அவர் 1989 நவம்பர் 30 இல் காலமானார்.

குர்னா மக்களின் கதை அதோடு முடியவில்லை. 1948 இல் நகர மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளை 2006 முதல் அரசாங்கம் வேறொரு குடியிருப்புக்கு மாற்றி, மலையடிவார வீடுகளை இடித்துத் தள்ளியது. ஹஸன் பத்ஹி கட்டிய புதிய குர்னாவிலும் நிலத்தடி நீர் ஏறி மண் சுவர்கள் அரித்தன. குடியிருந்தவர்கள் பலவற்றை உடைத்துக் கொங்கிரீட்டில் கட்டிக்கொண்டார்கள். எஞ்சியவற்றைக் காப்பாற்ற யுனெஸ்கோ பின்னர் முன்வந்தது.

நமக்கு என்ன?

இங்கே மண் வளைவு வீடு கட்டுவோம் என்று நான் சொல்ல வரவில்லை. மழை அரிதான எகிப்துக்கு ஏற்றது வாடைக் காற்று மழை கொட்டும் கிழக்கிலங்கைக்கு ஏற்காது. அவரே அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அந்தந்த மண்ணுக்கு அந்தந்த வீடு என்பதுதான் அவரது அடிப்படைக் கொள்கை. நம்மிடமும் வரிச்சு கட்டி மண் பூசிய சுவரும், கிடுகுக் கூரையும், காற்றோட்டமான திண்ணையும், நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் இருந்தன. இன்று வெயில் காலத்தில் தகரத்துக்கும் சீட்டுக்கும் கீழே அவிந்துகொண்டு மின்விசிறிக்குப் பில் கட்டுகிறோம். பாடசாலைக் கட்டடங்களிலும் இதே கதைதான். பகல் 12 மணிக்குப் பிறகு பிள்ளைகள் பாடத்தைக் கேட்கும் நிலையில் இருப்பதில்லை என்பது வகுப்பறையில் நிற்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

2004 சுனாமிக்குப் பின் நமது கரையோர ஊர்களில் எத்தனையோ வீட்டுத் திட்டங்கள் வந்தன. உதவியவர்களின் நல்ல மனதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கடலை விட்டுத் தூரத்தில் வீடு கொடுக்கப்பட்ட இடங்கள் இருந்தன. விறகடுப்பு வைக்க வழியில்லாத குசினிகளைக் கொண்ட வீடுகளும் இருந்தன. எங்கள் பக்கத்தில் அப்படியான ஒரு திட்டத்துக்குக் குடிபோன தாய்மார் சிலர் முதல் வேலையாகப் பின்பக்கத்தில் தகரம் அடித்து ஒரு குசினி இறக்கிக்கொண்டார்கள். அந்தத் தகரக் குசினி, வீட்டின் பிளான் வரையும்போது யாரைக் கேட்கவில்லை என்பதைச் சொல்லும் சாட்சி. குர்னாவில் நடந்ததும் இதுவே.

பள்ளிவாசல்களையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். நூறு வருடங்களைக் கடந்த பள்ளிவாசல்களை உடைத்துவிட்டு, வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து மாடி கட்டும் ஆசை பல ஊர்களில் இருக்கிறது. ஜமாஅத் பெருகும்போது இடம் தேவைதான். ஆனால் பழைய கட்டடத்தின் தடித்த சுவரும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் சுற்றுத் திண்ணையும் ஏன் அப்படிக் கட்டப்பட்டன என்று ஒரு தடவையாவது கேட்டுவிட்டு உடைக்கும் முடிவுக்கு வரலாம். பழையதை வைத்துக்கொண்டே பக்கத்தில் விரிவாக்கிய ஊர்களும் உண்டு.

நிர்வாகங்களுக்கும் உதவி வழங்கும் அமைப்புகளுக்கும் நான் முன்வைப்பது மூன்று விடயங்கள். வீட்டுத் திட்டம் என்றால் இடத்தைத் தெரிவு செய்யுமுன்பே குடிபோகப் போகிறவர்களைக் கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்குக் குடும்பத் தலைவரை மட்டும் அழைக்காமல் வீட்டுப் பெண்களின் கருத்தைப் பெண்களைக் கொண்டே எழுதி எடுங்கள். ஊரில் பழைய வேலை தெரிந்த மேசன்மாரும் தச்சரும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களைப் பொறியியலாளருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார வையுங்கள்.

ஆசிரியர்களும் ஒன்று செய்யலாம். உயர்தர மாணவர்களின் செயற்றிட்டங்களுக்குத் தூர தேசத்து மாளிகைகளைப் போலவே ஊரின் பழைய வீடு ஒன்றையும் தலைப்பாகக் கொடுக்கலாம். யார் கட்டியது, எந்த மண், எந்த மரம், கூரை எப்படி நின்றது என்று அந்தப் பிள்ளைகள் முதிய மேசன்மாரிடம் போய்க் கேட்டு எழுதி வரட்டும். அவர்களில் பலர் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். இந்த வருடமே கேட்பது நல்லது.